நிகனோரின் குப்பி

தொரிபியோவுக்குப் பொய் வராது என்று கொச்சபம்பா நகரத்து ஆய்வுக்கூடம் முழுக்க ஒரு பெயர். முப்பத்தோரு வருஷம் கட்டிக்காத்த பெயர். அவர் சொன்னது ஒரே ஒரு பொய்தான், ஆனால் அதையே பதினோரு வருஷம் சொன்னார். அப்படிப்பட்டவரைப் பொய்யர் என்பதா, ஒரு பொய்க்கு வாழ்க்கைப்பட்டவர் என்பதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவருடைய வேலை வின்சுக்கா பூச்சி வளர்ப்பது. மண்சுவர் விரிசலில் குடியிருந்து, தூங்குகிறவனின் ரத்தம் குடித்து, குடித்த இடத்திலேயே கழிந்துவைத்துவிட்டுப் போகும் பூச்சி. அந்தக் கழிவில்தான் இருக்கிறது ஒட்டுண்ணி. ஒற்றை உயிரணு, ஒரு வால், அவ்வளவுதான் அதன் உடம்பு. அது ரத்தத்தில் ஏறி இதயத்தில் போய்க் குந்திக்கொள்ளும். இருபது வருஷம் சும்மா இருக்கும். பிறகு ஒருநாள் வயலில் கலப்பையோடு ஆள் சாய்ந்துவிடுவான். எங்கள் பள்ளத்தாக்கில் அப்படிச் சாய்ந்தவர்கள் இல்லாத குடும்பம் குறைவு.

ஒருவர் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க, தொரிபியோ ஒரு சிறு டப்பாவில் நோயில்லாத பூச்சிகளைப் பட்டினி போட்டு எடுத்துவருவார். வலைத்துணி கட்டிய வாயை நோயாளியின் கைமேல் கவிழ்த்து அரைமணி நேரம் கட்டிவைப்பார். பூச்சிகள் குடித்து உருளும். ஒரு மாதம் கழித்து அவற்றின் குடலைப் பிழிந்து உருப்பெருக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். பதினைந்து வருஷத்துக்கு முன் அப்படி அவர் டப்பா கட்டியது நிகனோரின் கையில். புனாட்டா பக்கத்து ஊரில் வெயிலில் காயவைக்கும் மண்கல் அறுப்பவர் நிகனோர்.

"நான் அறுத்த கல்லுல கட்டின சுவர், அதுல குடியிருந்துக்கிட்டு என்னையே திங்குது. வாடகையும் கிடையாது" என்றார் நிகனோர், கையை அசைக்காமல்.

"சும்மா இருங்க, அண்ணே. சிரிச்சா அதுங்களுக்குப் புரையேறிடும்."

"ஏறட்டும். எனக்கு ஏறலையா மூச்சு?"

இப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. அந்த வருஷமே நிகனோரின் மகளுக்குப் பதினைந்து வயது நிறையும் விழாவில் ஞானத்தந்தையாக நிற்கச் சொன்னது தொரிபியோவைத்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, நிகனோரின் மனைவி தொரிபியோவுக்குக் கொமாத்ரே. எங்கள் பக்கம் அது ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொள்ளலாம், கொம்பாத்ரேக்கள் கூடாது. ஏமாற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நிகனோரின் ஒட்டுண்ணியைத் தொரிபியோ குப்பியில் வளர்த்தார். ஈரலைக் காய்ச்சி வடித்த பழுப்புச் சாறு, கண்ணாடிக் குப்பி, இளஞ்சூட்டுப் பெட்டி. வாரம் ஒருமுறை பழைய சாற்றைக் கொட்டிப் புதியது ஊற்ற வேண்டும். யார் உடம்பிலிருந்து எடுத்ததோ அவர் பெயரைக் குப்பியில் எழுதுவது அந்தக் கூடத்து வழக்கம். ‘நிகனோர்’ என்று எழுதினார். ஒருநாள் நிகனோரே மனைவியோடு வந்து உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். ஆயிரக்கணக்கில் வாலாட்டிக்கொண்டிருந்தன.

"அடேயப்பா! பஸிலியா, இங்க வா, பாரு. நான் செத்தாலும் இதுங்க ஆடிக்கிட்டே இருக்கும்போல."

அடுத்த குளிர்காலத்தில் செத்தார். நாற்பத்தாறு வயது.

நாற்பதாம் நாள் முடிந்து மனைவி பஸிலியா ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். மேலிருந்து கீழ்வரை கறுப்பு. வாசலில் நின்றபடி, "கொம்பாத்ரே, அவரோடதுங்க இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டாள். தொரிபியோ ஒரு சொட்டு எடுத்துக் காட்டினார். பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அதே அவசரம், பாருங்க" என்றாள். அவரைக் கொன்றவை அவைதான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவருடைய ரத்தம் குடித்து வளர்ந்தவற்றின் வம்சம், அவர் விட்டுப்போனதில் இன்னும் அசைவது அது ஒன்றுதான். மகள் பிழைப்புக்குப் புவெனஸ் அயர்ஸ் போய்விட்டாள், மாதத்துக்கு ஒரு போன். அதனால் பஸிலியா வருஷாவருஷம், நவம்பர் தொடக்கத்து இறந்தவர் நாளுக்கு முந்தின வாரம், ஒரு வட்டப் பாலாடைக்கட்டியோடு பஸ் ஏறி வந்து, ஒரு சொட்டைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது வருஷத்துக் கார்னிவல் திருவிழாவில் தப்பு நடந்தது.

கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது. தட்டச்சுப்பொறியிலிருந்து லாரி ஸ்டியரிங் வரை, சோறு போடும் கருவி எல்லாவற்றுக்கும் வண்ணக்காகிதம் சுற்றி, பச்சமாமா பூமித்தாய்க்கு முதல் வாய் கொடுத்து, மூலைக்கு மூலை சோளக்கள்ளான சிச்சா தெளிப்போம். ஆய்வுக்கூடம் மட்டும் விதிவிலக்கா? உருப்பெருக்கிக்கு மாலை, குளிர்பெட்டிக்கு மாலை. தொரிபியோ நாலு குவளை உள்ளே போன குஷியில் இளஞ்சூட்டுப் பெட்டி முன் நின்றார். மற்ற கருவிக்கெல்லாம் நாலு துளி தெளித்தவர், இதற்கு மட்டும் ஒரு முழுக் குவளை எடுத்தார். "கொம்பாத்ரே, உங்க பங்கு, குடிங்க" என்று பெட்டியின் தலையில் கவிழ்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சிச்சா வழிந்து, சூட்டைத் திருகும் குமிழ் வழியாக உள்ளே இறங்கியது. யாரும் பார்க்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு ஐந்து நாள் ஆடப் போனார்கள்.

சாம்பல் புதன் காலை தலைவலியோடு கதவைத் திறந்தவர் முகத்தில் ரொட்டி அடுப்பைத் திறந்ததுபோல் அனல் அடித்தது. எல்லாக் குப்பியும் கலங்கியிருந்தன. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். வாலில்லை, ஆட்டமில்லை. சுருண்டு உருண்டையாகி, கொட்டிய கேழ்வரகுபோல் கிடந்தன.

இதற்கென்றுதான் உறைபெட்டியில் மாற்றுக் குப்பி வைப்பது. நிகனோருக்கு வைக்கவில்லை. போன குளிர்காலத்துச் சாலை மறியலில் உறைதிரவ லாரி வராமல் பெட்டி வறண்டு கிடந்தது. ‘அப்புறம் வைத்துக்கொள்ளலாம்’ என்று நினைத்தவர், பதிவேட்டில் மட்டும் ‘வைத்தாயிற்று’ என்று எழுதிவிட்டார். வேலைக்காரன் எவனும் செய்யும் சின்னச் சோம்பல். பத்து நாள் புதுச் சாறு மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

பதினோராம் நாள், பின்னறை அலமாரியிலிருந்த ஏழாம் எண் குப்பியைத் திறந்தார். ஐந்து சொட்டு எடுத்துப் புதுக் குப்பியில் விட்டார். வெளியே ‘நிகனோர்’ என்று எழுதினார். அக்டோபர் கடைசியில் பஸிலியா வந்து பார்த்து, "இந்த வருஷம் இன்னும் சுறுசுறுப்பா இருக்காங்க" என்றாள். தொரிபியோ பாலாடைக்கட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய் அதை ஒரு துண்டுகூடத் தின்ன முடியாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்.

கூடத்தை நடத்திய பழைய பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போனார். ஏழாம் எண் குப்பியும் ஒரு சுத்தம்செய்யும் நாளில் குப்பைக்குப் போனது. அதன் வழித்தோன்றல் ஒன்று வெளிநாட்டுக் கிருமிச் சேமிப்பகத்தில் இருப்பது தொரிபியோவுக்கு ஞாபகமே இல்லை. பேராசிரியர் இடத்துக்கு டாக்டர் மிரெயா வந்தார். இளவயதுப் பெண், கெட்டிக்காரர், தொரிபியோவை மரியாதையாக ‘டோன்’ போட்டுத்தான் கூப்பிடுவார். அவர் ஆராய்ந்தது இந்த ஒற்றை உயிரணுக்கள் எப்படிச் சாகின்றன என்பதை.

பஸிலியா அவரிடமே ஒருமுறை கேட்டாள். "அம்மா, இதுங்க சாகறதுல ஆராய என்ன இருக்கு? பட்டினி போட்டா சாகப்போகுது."

"இல்லம்மா. சாறு பழசானா சிலது தானா முடிவுபண்ணி சாகுது. மத்ததுக்கு மிஞ்சட்டும்னு, ஒழுங்கா, வரிசையா, தன்னைத்தானே பிரிச்சுப் போட்டுட்டுப் போகுது. ஒரு வீடுன்னு வச்சுக்கோங்க. புரதம் செய்யற வேலை அங்க சமையல். சமையலுக்குக் கூடமாட நிக்கற ஆள் ஒருத்தர் உண்டு. குப்பி இளசா இருக்கறவரைக்கும் அவர் அடுப்படியை விட்டு நகரமாட்டார். சாறு பழசாச்சுன்னா கரண்டியைக் கீழ போட்டுட்டு உள்ளறைக்குள்ள போயிடறார். அப்புறம் வீடு காலியாகுது."

"உள்ளறைல போய் என்ன சொல்றாராம்?"

"அதான் எனக்கும் தெரியணும்" என்று மிரெயா சிரித்தார். "ஆனா உங்க வீட்டுக்காரர் குப்பில மட்டும் அந்த ஆள் உள்ளயே போகமாட்டேங்கறார். சாறு பழசானாலும் அடுப்படிலயே நிக்கறார். சாகவே மனசில்லாத ஜாதி."

"அவரும் அப்படித்தாம்மா! அடுப்படியை விட்டே நகரமாட்டார்" என்றாள் பஸிலியா, பெருமை தாங்காமல். தொரிபியோ மூலையில் குப்பி கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே மறுபடி கழுவினார். வருஷக்கணக்காகக் கண்ணாடிக்குள் சுகமாக வளர்ந்து சாவதையே மறந்துபோன ஏழாம் எண் அது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது. தலைப்பிலேயே நிகனோரின் பெயர். பஸிலியா ஒரு படி வாங்கிப்போய் வீட்டுச் சுவரில் மாட்டினாள்.

இந்த அக்டோபரில் வெளிநாட்டுச் சேமிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பிய நிகனோரும் எங்களிடமுள்ள உங்கள் பழைய ஏழாம் எண்ணும் மரபெழுத்தில் ஒன்றேதான், எங்கோ கலந்திருக்கிறது, சரிபாருங்கள்.

மிரெயா அதைத் தொரிபியோவுக்குப் படித்துக் காட்டினார். "அங்கதானே கலந்திருக்கணும், டோன் தொரிபியோ? நீங்க வச்சிருந்ததுல கலக்காது. நீங்க சொன்னாப் போதும் எனக்கு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். "அங்கதான் கலந்திருக்கும், டாக்டரம்மா" என்று வந்தது.

மிரெயா அப்போதே பதில் எழுதினார், எழுதியதைச் சத்தமாகவும் படித்தார். ‘இந்தக் குப்பியைப் பார்த்துக்கொள்பவரின் சொல்லை உங்கள் இயந்திரத்தைவிட நான் நம்புகிறேன்.’ தொரிபியோவுக்குக் காதுமடல் எரிந்தது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே பஸிலியா வந்தாள், வழக்கம்போல் பாலாடைக்கட்டியோடு. ஆனால் சொட்டைப் பார்க்க அவசரப்படவில்லை. உட்கார்ந்து கறுப்புச் சால்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொம்பாத்ரே, லாரி ஓட்டற ரெமிஹியோவைத் தெரியும்ல? சம்சாரத்தை இழந்தவர். சாந்தாகுரூஸ்ல வீடு பார்த்துட்டார். கூட வான்னு கூப்பிடறார். நாலு வருஷமாக் கூப்பிடறார்."

"நல்ல மனுஷன்தானே, கொமாத்ரே. போகவேண்டியதுதானே."

"எப்படிப் போறது? ஊருல எல்லாரும் மூணு வருஷம் படையல் வச்சு, கறுப்பைக் கழட்டி, ஆத்மாவை வழியனுப்பிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கறாங்க. நான் பதிமூணு வருஷமா வச்சுக்கிட்டு இருக்கேன். பைத்தியம்ங்கறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? அவர்தான் இன்னும் முழுசாப் போகலையே. இங்க ஆடிக்கிட்டு இருக்கார். போகாத மனுஷனை எப்படி வழியனுப்பறது?"

தொரிபியோ அந்தச் சால்வையை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். பக்தி அதிகம், அதான் கறுப்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். கேட்டதே இல்லை. ஆறுதலுக்கு என்று சொல்லிவந்த பொய், ஒரு பெண்பிள்ளையின் பதினோரு வருஷத்தைத் தின்றிருக்கிறது. வின்சுக்காவாவது ராத்திரி மட்டும்தான் குடிக்கும்.

"நல்லாத்தானே இருக்காங்க?" என்றாள் பஸிலியா.

"நல்லா இருக்காங்க" என்றது வாய். பழகிய வாய்.

"அப்ப சரி. சாகவே சாகாத ஜாதின்னு டாக்டரம்மாவே எழுதிட்டாங்க. ரெமிஹியோகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்." எழுந்து பாவாடையை உதறினாள். "வெள்ளிக்கிழமை படையலுக்கு வந்துடுங்க."

நவம்பர் முதல் தேதி, வெள்ளி. நண்பகலுக்கு இறந்தவர்கள் வருவார்கள், மறுநாள் நண்பகலுக்குப் போவார்கள். பஸிலியா வீட்டில் மேசைக்குக் கறுப்புத்துணி விரித்து, ஏணி உருவ ரொட்டி, குழந்தை உருவ ரொட்டி, கரும்பு, நிலக்கடலை சூப், ஒரு குடுவை சிச்சா, நடுவில் நிகனோரின் படம். படத்துக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து கழற்றிவைத்த அந்த அச்சுத்தாள். மூலையில் ரெமிஹியோ தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் கிடைத்துவிட்ட முகம். இருந்தாலும் படையலுக்கு வந்திருந்தார்.

"ஜெபம் சொல்லுங்க, கொம்பாத்ரே."

தொரிபியோ முழங்காலிட்டார். பாதி ஜெபம் சொன்னார். மீதி வரவில்லை.

"கொமாத்ரே, அந்தக் குப்பில இருக்கறது அவரோடது இல்ல."

"என்ன?"

"அவரோடதுங்க எல்லாம் போயிடுச்சு. பதினோரு வருஷம் ஆச்சு. கார்னிவல்ல நான் பெட்டி மேல சிச்சா ஊத்தினேன். சூடு ஏறி ஒண்ணுவிடாம செத்துப்போச்சு. வேற குப்பிலேருந்து எடுத்து ஊத்திப் பேரை எழுதினேன். அதைத்தான் உங்களுக்குக் காட்டிக்கிட்டு வரேன்."

பஸிலியா படத்துக்குப் பக்கத்திலிருந்த அச்சுத்தாளைக் கவிழ்த்துவைத்தாள்.

"வேற யாரோட குப்பி?" என்றாள். "அவரும் செத்துட்டாரா? யாரு வீட்டு மனுஷன்?"

தொரிபியோவுக்கு, இதைச் சொல்வதைவிட வேறொரு செத்த மனுஷனுடையது என்று சொல்வதே மேலாகத் தோன்றியது. "மனுஷன் இல்ல, கொமாத்ரே. ரொம்ப வருஷத்துக்கு முன்ன ஒரு கோழிக்கூண்டுல பிடிச்ச பூச்சி வயித்துலேருந்து எடுத்தது."

மூலையில் ரெமிஹியோவிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பி, இருமலாக மாறி, அடங்கியது.

"கோழிக்கூண்டு" என்றாள் பஸிலியா. "பதினோரு வருஷமா பஸ் ஏறி வந்து கோழிக்கூண்டை நலம் விசாரிச்சேன். பாலாடைக்கட்டி வேற. அடுப்படியை விட்டு நகரமாட்டார்னு பீத்திக்கிட்டேன். நீங்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"திட்டினா ஆறும்னு பார்க்கறேன், வாய் வரல. நீங்க கெட்டவரா இருந்திருந்தா எனக்கு எவ்வளவு சுலபம்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"திங்கக்கிழமை போய்ச் சொல்லிடறேன்."

"இப்பவே சொல்லுங்க. திங்கக்கிழமைக்குள்ள நீங்க மறுபடி நல்லவராயிடுவீங்க."

தன் போனை எடுத்து நீட்டினாள். தொரிபியோ முழங்காலிட்டபடியே பேசினார். கார்னிவல், சிச்சா, உறைபெட்டி, பதிவேடு, ஏழாம் எண், எதையும் விடவில்லை. பிறகு மிரெயா, "நான் அவங்களுக்கு என்ன எழுதினேன்னு உங்களுக்கே படிச்சுக் காட்டினேனே" என்றார். ‘டோன்’ இல்லை, ‘தொரிபியோ’வும் இல்லை. இணைப்பு அறுந்தது. அவர் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தொரிபியோ எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"நில்லுங்க" என்றாள் பஸிலியா. மேசைக்குப் போய்க் குழந்தை ரொட்டி இரண்டு, ஏணி ரொட்டி ஒன்று எடுத்து அவர் துணிப்பையில் போட்டாள். படையலில் ஜெபம் சொன்னவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. வழியில் போகிற அந்நியனுக்கும் அதுதான் முறை. அந்நியனுக்குப் போடுவதுபோலத்தான் போட்டாள்.

"பாதி ஜெபம்தான் சொன்னேன், கொமாத்ரே."

"மீதியை நாளைக்கு வந்து சொல்லுங்க. பன்னிரண்டு மணிக்கு முன்னாடி."

மறுநாள் பதினொன்றரைக்குப் போனார். பஸ்ஸில் இரண்டு முறை இறங்கிவிட நினைத்தார். மேசை அப்படியே இருந்தது, அச்சுத்தாள் மட்டும் இல்லை. வாசலில் ரெமிஹியோவின் லாரி நின்றது. முற்றத்தில் சின்னதாகத் தீ மூட்டியிருந்தது, கறுப்பைக் கழற்றினால் எரிக்க வேண்டும் என்பதற்காக. வழக்கமாகக் கழற்றிவிடுவது கொம்பாத்ரேதான். அதை நினைத்துத் தொரிபியோ வாசல்படியிலேயே தயங்கினார்.

"ரெமிஹியோ செய்யட்டுமே" என்றார்.

"அவர் ஏன் செய்யணும்? பதினோரு வருஷமா இதை என் தோள்ல போட்டு வச்சிருந்தது நீங்கதான். நீங்களே எடுங்க."

சால்வையை மார்பில் ஒரு ஊக்கு பிடித்திருந்தது. முப்பத்தோரு வருஷம் குப்பியிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத விரல்களுக்கு அந்த ஊக்கு திறக்கவில்லை. மூன்றாம் தடவை திறந்தது. சால்வை கனமாக அவர் கையில் வந்து விழுந்தது. உள்ளே அவள் சாதாரண நீலச் சட்டைதான் போட்டிருந்தாள். வெயில் படாத கழுத்து வெளுத்திருந்தது. தொரிபியோ பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார்.

பஸிலியா படத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்தாங்க, உங்க கொம்பாத்ரே வந்திருக்கார். எனக்குச் சொல்லிட்டார், டாக்டரம்மாவுக்குச் சொல்லிட்டார். உங்களுக்குத்தான் இன்னும் சொல்லலை. கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். பன்னிரண்டு மணி அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. தொரிபியோ தொப்பியைக் கழற்றினார். கறுப்புச் சால்வை இன்னும் கைமேல்தான் கிடந்தது.

"கொம்பாத்ரே," என்றார், "உங்களுக்குக் குடிக்கக் கொடுக்கறேன்னு நினைச்சுத்தான் ஊத்தினேன்."